கால்வாய் கருவியான கதை: அயன் கால்வாய்களும் தாக்குதிறன் மிக்க மூலக்கூறுகளும்

விஞ்ஞான வரலாற்றை நோக்குமிடத்து, நெடுங்காலம் ஆய்வுக்குரிய பொருளாக இருந்த ஒன்று பின்னர் ஆய்வு செய்யும் கருவியாக மாறிய சந்தர்ப்பங்கள் சிலவற்றைக் காணலாம். உயிர்க்கலத்தின் மென்சவ்வை ஊடறுத்து நிற்கும் அயன் கால்வாய் அத்தகைய ஒன்றாகும். கால்வாய் என்ற ஒன்று உண்டா என்பதே ஐயமாக இருந்த காலத்திலிருந்து, அதன் உட்சுவரில் ஓர் அணுவை மாற்றியமைத்து, அதனூடு செல்லும் ஒற்றை மூலக்கூறொன்றின் தாக்கத்தை அளக்கும் காலம் வரை கழிந்தவை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளே. இவ்வரலாற்றின் நடுவே நிற்பது மின்சாரமன்று, கந்தகம் என்பதே சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்னும் அமினோவமிலத்தின் நுனியில் அமர்ந்திருக்கும் கந்தக அணு, முதலிற் கால்வாயை ஆராய்வதற்கும் பின்னர் கால்வாயைக் கொண்டு ஆராய்வதற்கும் கைகொடுத்தது.

1952 ஆம் ஆண்டில் அலன் ஹொட்ஜ்கினும் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாயின் பெருநரம்பிழையிற் செய்த பரிசோதனைகள் ஐந்து கட்டுரைகளாக வெளிவந்தன. முதற் கட்டுரையில் பேர்னாட் காற்சும் பங்குகொண்டார். நரம்புக் கணத்தாக்கத்தின்போது முதலிற் சோடியம் அயன்கள் உட்புகுவதையும் பின்னர் பொற்றாசியம் அயன்கள் வெளியேறுவதையும் அவர்கள் சமன்பாடுகளாக வடித்துக் காட்டினர். 1963 இல் இவ்விருவருக்கும் யோன் எக்கிள்சுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் அவ்வயன்கள் கொழுப்பாலான மென்சவ்வை எவ்வாறு கடக்கின்றன என்ற வினாவுக்கு அச்சமன்பாடுகள் விடை கூறவில்லை. தோணிபோல அயனைச் சுமந்து அக்கரை சேர்க்கும் காவி ஒன்று உண்டென்றனர் ஒரு சாரார். மென்சவ்விற் துளைகள் உண்டென்றனர் மற்றொரு சாரார். இரு கூற்றையும் வேறுபடுத்தியறியும் வழி எளிதிற் கிட்டவில்லை. இலட்சக்கணக்கான துளைகளின் கூட்டு மின்னோட்டத்தையே அக்காலக் கருவிகள் அளந்தன. சந்தை இரைச்சலைத் தொலைவிலிருந்து கேட்பவனுக்குத் தனியொருவனின் சொல் எவ்வாறு கேட்கும்?

அச்சொல் முதன்முதல் தெளிவாகக் கேட்டது செயற்கை மென்சவ்வுகளிலாகும். 1962 இல் முல்லரும் றூடினும் அவர்தம் சகாக்களும் சிறு துவாரமொன்றின் குறுக்கே இலிப்பிட்டுப் படலத்தை விரிக்கும் முறையை வகுத்தனர். 1970 இல் கேம்பிறிட்ஜில் ஹிலட்கியும் ஹெய்டனும் அத்தகைய படலத்திற் கிராமிசிடின் என்னும் நுண்ணுயிர்கொல்லியைச் சிறிதளவு சேர்த்தபோது, மின்னோட்டம் சரிவாக உயராமற் படிப்படியாக உயரவும் தாழவும் கண்டனர். ஒவ்வொரு படியும் ஒரு துளையின் திறப்பு அல்லது மூடல். உயிருள்ள கலத்தில் இதே காட்சியைக் காட்டியவர்கள் ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரில் ஆய்வு செய்த ஏர்வின் நேயரும் பேர்ட் சாக்மனும் ஆவர். நரம்பு நீக்கப்பட்ட தவளைத் தசையின் மீது நுண்ணிய கண்ணாடிக் குழாயின் முனையை அழுத்தி, அம்முனைக்குள் அகப்பட்ட மென்சவ்வுத் துண்டின் மின்னோட்டத்தை மட்டும் அவர்கள் அளந்தனர். அப்பரிசோதனை 1976 இல் வெளியாயிற்று. 1991 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்விடத்திற் சிறிது நின்று ஓர் எளிய கணக்கைப் பார்த்தல் தகும். ஒரு பிக்கோ அம்பியர் என்பது ஓர் அம்பியரின் கோடியில் ஒரு பங்கை மீண்டும் இலட்சமாகப் பகுத்தால் வரும் அளவு. அவ்வளவு சிறிய மின்னோட்டமும் செக்கனொன்றுக்கு ஏறத்தாழ 62 இலட்சம் ஓரேற்ற அயன்கள் கடந்து செல்வதைக் குறிக்கும். ஆதலின், ஒரு கால்வாயில் ஒரேயொரு மூலக்கூறு வந்து ஒட்டி மின்னோட்டத்தைச் சிறிது குறைத்தாலும் அது இலட்சக்கணக்கான அயன்களின் குறைவாகக் கருவியிற் பதிவாகும். தராசிலோ ஒளியியற் கருவியிலோ ஒற்றை மூலக்கூறைக் காண்பதற்குப் பெருமுயற்சி வேண்டும். கால்வாயோ இயல்பாகவே உருப்பெருக்கியாக அமைந்துவிட்டது. எனினும் 1976 இல் இவ்வுண்மையைக் கருவியாக்கும் நோக்கம் எவருக்கும் முதன்மையாக இருக்கவில்லை. கால்வாய் எப்படிப்பட்டது என்பதை அறிவதே அன்றைய வேட்கை.

இனிக் கந்தகத்தின் கதைக்கு வரலாம். அது போர்க்களத்தோடும் மருத்துவத்தோடும் பின்னிப் பிணைந்தது. 1910 இல் போல் ஏர்லிக் மேகநோய்க்கு மருந்தாக சல்வர்சானை அறிமுகப்படுத்தினார். அது ஆசனிக்குச் சேர்வை. நுண்ணுயிரின் உடலில் ஆசனிக்கை ஏற்கும் ஏதோ ஓர் இடம் உண்டென்று ஏர்லிக் கருதினார். அவ்விடம் யாது என்பதை அவர் வாழ்நாள் கூறவில்லை. 1921 இல் கேம்பிறிட்ஜில் ஹொப்கின்ஸ் கலங்களிலிருந்து குளுத்தாதயோன் என்னும் கந்தகச் சேர்வையைப் பிரித்தெடுத்தார். இரு ஆண்டுகளின் பின், ஆசனிக்கு தாக்குவது கலத்தின் கந்தகக் கூட்டங்களையே என்று ஐக்கிய அமெரிக்காவில் வோக்லின் முன்மொழிந்தார். முதலாம் உலகப் போரின் இறுதியில் உருவாக்கப்பட்ட லூவிசைற்று என்னும் நச்சுப்பொருளும் ஆசனிக்குச் சேர்வையே. இரண்டாம் உலகப் போரின்போது அதற்கு மாற்று மருந்து தேடிய ஒக்ஸ்போட் உயிரிரசாயனவியலாளர் றுடோல்ப் பீற்றர்சும் அவருடைய குழுவினரும், இரு கந்தகக் கூட்டங்கள் அருகருகே அமைந்த சிறு மூலக்கூறொன்றை ஆக்கினர். ஆசனிக்கு கலத்தின் புரதங்களை விட்டு அதனைப் பற்றிக்கொள்ளும். நஞ்சுக்குப் பொறி வைத்தல் என்று இதனைக் கூறலாம். போர் முடிந்த 1945 இலேயே அதன் விபரம் பகிரங்கமாயிற்று.

இவ்வாறு, நஞ்சு எங்கே தாக்குகிறது என்ற கேள்விக்குக் கந்தகம் விடையாயிற்று. இதே தாக்கத்தைக் கால்வாய் ஆராய்ச்சிக்குக் கொணர்ந்தவர் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆதர் கார்லின். 1966 இல் அவரும் பாற்றெல்சும் மின்விலாங்கின் மின்னுறுப்புக் கலங்களை எடுத்துக்கொண்டு, அசற்றைல்கோலின் வாங்கியிலுள்ள கந்தகப் பிணைப்பொன்றை உடைத்தால் அதன் செயல் குன்றுவதையும், மீண்டும் ஒட்சியேற்றினால் செயல் மீள்வதையும் காட்டினர். வாங்கியின் அமைப்பைப் பற்றி அன்று எவரும் எதுவும் அறியார். இருட்டறையிற் கைத்தடியாற் தட்டித் தட்டிச் சுவரைக் கண்டுகொள்வது போன்ற முயற்சி அது.

விளக்கை ஏற்றியது பரம்பரையலகுத் தொழினுட்பம். 1982 இல் கியோட்டோவில் ஷோசாக்கு நூமாவின் குழு மின்திருக்கையின் அசற்றைல்கோலின் வாங்கியின் ஒரு கூற்றுக்குரிய பரம்பரையலகைப் பிரித்து அதன் அமினோவமில ஒழுங்கை வாசித்தது. புரதத்தில் விரும்பிய இடத்தில் விரும்பிய அமினோவமிலத்தை மாற்றும் முறையை மைக்கல் சிமித் 1978 இலேயே வகுத்திருந்தார். இவ்விரண்டையும் இணைத்துக் கார்லினும் அக்கபாசும் அவர்தம் சகாக்களும் 1992 இல் வெளியிட்ட ஆய்வு எளிமையில் அழகானது. கால்வாயை வரிசெய்யும் எனக் கருதப்பட்ட பகுதியில் ஒவ்வோர் அமினோவமிலமாக நீக்கி அவ்விடத்திற் சிஸ்டீனை வைத்தனர். பின்னர் சிஸ்டீனின் கந்தகத்தோடு மட்டும் விரைந்து தாக்கும் மெதேன்தயோசல்பொனேற்று வகைச் சேர்வையை நீரிற் கலந்து ஊற்றினர். மின்னோட்டம் மாறினால் அச்சிஸ்டீன் நீர் நிறைந்த கால்வாயை நோக்கி நிற்கிறது. மாறாவிடின் புரதத்துள் மறைந்து நிற்கிறது. கைத்தடியாற் தட்டிய அதே கை இப்போது சுவரின் ஒவ்வொரு செங்கல்லையும் எண்ணிக் கணக்கிட்டது.

இம்முறையிற் தாக்குதிறன் மிக்க சேர்வை கருவி, கால்வாய் ஆய்வுப்பொருள். இச்சமன்பாட்டின் இருபக்கங்களையும் இடம் மாற்றி வாசித்தால் என்ன? சேர்வை எதுவென அறியாத நிலையிற் கால்வாயின் மின்னோட்டம் மாறுவதைக் கொண்டு சேர்வையை அறியலாமல்லவா? இவ்வினாவை முழுமையாகப் பயன்படுத்தியவர் ஹேகன் பெய்லி ஆவார். ஐக்கிய அமெரிக்காவில் ஆய்வை வளர்த்த அவர் 2003 இல் ஒக்ஸ்போட் சென்றார். பீற்றர்சின் குழு ஆசனிக்குக்குப் பொறி வைத்த அதே பல்கலைக்கழகம் என்பது தற்செயலெனினும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பெய்லி தெரிந்துகொண்ட கால்வாய் நரம்பினுடையதன்று. ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் பற்றீரியா பிற கலங்களைக் கொல்வதற்குச் சுரக்கும் அல்பா-ஈமோலைசின் என்னும் நஞ்சே அது. 293 அமினோவமிலங்கள் கொண்ட கூறுகள் ஏழு தாமாகவே ஒன்றுகூடிக் காளான் வடிவில் மென்சவ்விற் துளையை ஏற்படுத்தும். 1996 இல் எக்ஸ் கதிர் முறையால் அதன் உருவம் அணுவளவிற் தெளிவாயிற்று. துளையின் மிகவொடுங்கிய இடம் ஏறத்தாழ 1.4 நனோமீற்றர் அகலமுடையது. நரம்புக் கால்வாய்களைப் போல இது அடிக்கடி மூடித் திறவாமற் பெரும்பாலும் திறந்தே நிற்கும். ஆகவே மின்னோட்டத்தில் ஏற்படும் மாற்றம் வந்து ஒட்டிய மூலக்கூறால் விளைந்ததேயன்றித் துளையின் சொந்த விளையாட்டன்று எனத் துணியலாம். யாவற்றினும் மேலாக, இப்புரதத்தில் இயற்கையாக ஒரு சிஸ்டீன் தானும் இல்லை. வெறுஞ்சுவரில் ஆணி அடிப்பது போல, வேண்டிய இடத்தில் ஒரேயொரு கந்தகத்தைப் பொருத்திவிடலாம். கால்வாய்களின் உலகில் இத்தகைய வாய்ப்பு அரிது.

1990 களில் முதலில் உலோக அயன்களே இதற்கு அகப்பட்டன. துளையின் உட்சுவரிற் ஹிஸ்ரிடீன்களைப் பொருத்தியபோது நாக அயன்கள் வந்து தங்கிச் செல்வது மின்னோட்டத்திற் தெரிந்தது. 1999 இல் மாப்பொருளிலிருந்து பெறும் வளையமொன்றைத் துளைக்குள் இருத்தி, அவ்வளையத்துட் புகும் சிறு சேதன மூலக்கூறுகளை இனங்காணும் முறை வந்தது. இவை யாவும் பிணைப்பேதும் உண்டாகாது வந்து போகும் விருந்தாளிகள். பங்கீட்டு வலுப் பிணைப்பை நேரே காணும் முயற்சி 2002 இற் கைகூடியது. ஷின்னும் பெய்லியும் ஏனையோரும் ஏழு கூறுகளில் ஆறினை இயற்கையானவையாகவும் ஒன்றினை மட்டும் சிஸ்டீன் கொண்டதாகவும் அமைத்தனர். விகாரக் கூற்றுக்கு மின்னேற்றம் மிக்க வாலொன்றை ஒட்டிவிடுவதால் வெவ்வேறு கலவைகளை மின்புலத்தின் உதவியாற் பிரித்தெடுக்கலாம் என்பது அக்குழு ஏற்கெனவே கண்ட உபாயம். பின்னர் ஆசனிக்குச் சேர்வையொன்றைத் துளைக்குட் செலுத்தினர்.

மின்னோட்டம் திடீரென ஒரு படி இறங்கியது. சிறிது நேரம் அங்கேயே நின்றது. மீண்டும் பழைய நிலைக்கு ஏறியது. இறங்கியது ஆசனிக்கு-கந்தகப் பிணைப்பு உண்டான கணம், ஏறியது அது அறுந்த கணம். ஏர்லிக் ஊகித்த, வோக்லின் பெயரிட்ட, பீற்றர்ஸ் முறியடித்த அதே தாக்கம் முதன்முதலாக ஒற்றை மூலக்கூறளவிற் கண்முன் நிகழ்ந்தது. சோதனைக் குழாயில் தாக்கவீதம் என்பது கோடானுகோடி மூலக்கூறுகளின் சராசரி. இங்கோ ஒவ்வொரு பிணைப்பும் எவ்வளவு நேரம் நிலைத்ததென எண்ணி, அந்நேரங்களின் பரம்பலிலிருந்து மாறிலிகள் கணிக்கப்பட்டன. 2008 இல் வூவும் பெய்லியும் இதே முறையால் நைதரசன் கடுகுச் சேர்வைகளை இனங்கண்டனர். அவை இரசாயனப் போருக்கும் புற்றுநோய் மருத்துவத்துக்கும் ஒருங்கே உறவானவை. இதே துளையினூடு நியூக்கிளிக்கமில இழைகளைச் செலுத்தலாமென 1996 இல் வெளியான ஆய்விலிருந்து வளர்ந்த பரம்பரை வாசிப்புத் தொழினுட்பமே இன்று புகழ்பெற்றுள்ளது. ஆயினும் இரசாயனவியலாளனுக்கு ஆசனிக்குப் பரிசோதனையே வியப்பு மிக்கது எனல் மிகையன்று.

எனினும் இவை யாவும் கலத்துக்கு வெளியே, செயற்கைப் படலத்தில் நிகழ்ந்தவை. உயிருள்ள கலத்துட் கால்வாயை உணரியாக வைப்பது வேறொரு பாதை. அதன் தொடக்கத்தை 1983 இற் காணலாம். யங்கும் பூவும், வேறாக ஹியூமும் அவர் சகாக்களும், தசைக் கலத்திலிருந்து பிரித்த மென்சவ்வுத் துண்டைக் கண்ணாடிக் குழாய் முனையில் ஏந்தி, வளர்ந்துவரும் நரம்பு முனையின் அருகே நீட்டினர். நரம்பு சொரிந்த அசற்றைல்கோலினை அத்துண்டிலிருந்த கால்வாய்கள் மோப்பம் பிடித்தன. 1990 இல் றிச்சட் கிரேமர் அத்தகைய துண்டைக் கலமொன்றின் உள்ளேயே திணித்து, கலத்தின் உட்செய்தியாளராகிய சுழல் நியூக்கிளியோரைட்டை அளந்தார். 2000 ஆம் ஆண்டையொட்டி றிச்சும் கார்ப்பெனும், தேவைக்கேற்பத் திருத்தியமைத்த கால்வாயின் பரம்பரையலகை வைரசின் துணையோடு கலத்துட் புகுத்தினர். கலமே தனக்குள் உணரியைச் செய்துகொண்டது. கலத்தின் நடுப்பகுதியில் உள்ள செறிவும் மென்சவ்வை ஒட்டிய ஒடுங்கிய இடத்தில் உள்ள செறிவும் ஒன்றல்ல என்பதை அவ்வுணரிகள் காட்டின. ஆயின் சுழல் நியூக்கிளியோரைட்டு சாதுவான மூலக்கூறு. பொருந்தும், விலகும், பிணைப்பை உண்டாக்காது. தாக்குதிறன் மிக்க மூலக்கூறுகளைக் கலத்தினுள் உணரும் கால்வாயை மனிதர் தேடிக்கொண்டிருந்த வேளையில், அது ஏற்கெனவே நரம்புகளில் இருப்பது தெரியவந்தது.

கடுகை அரைக்கும்போது மூக்கு எரிவதும், பச்சை உள்ளியை மெல்லும்போது நாக்கு உறைப்பதும் எல்லா அடுக்களைகளிலும் நிகழ்வன. 2004 இல் டேவிட் ஜூலியசின் குழு, ரி.ஆர்.பி.ஏ. 1 எனப்பட்ட கால்வாயைக் கடுகெண்ணெயின் காரப்பொருள் திறக்கிறதெனக் காட்டியது. அதே ஆண்டில் ஆடெம் பற்றப்பூட்டியனின் குழு கறுவாவின் மணப்பொருளாகிய சின்னமல்டிகைட்டும் அதையே திறக்கிறதெனக் கண்டது. உள்ளியின் அலிசின் அடுத்த ஆண்டிலும், விறகுப் புகையிலுள்ள அக்குரோலின் 2006 இலும் பட்டியலிற் சேர்ந்தன. இவற்றுள் ஒன்றையொன்று உருவில் ஒத்தவை அரிது. 1894 இல் எமில் பிசர் கூறிய பூட்டும் திறப்பும் என்ற உவமைக்குப் பழகிய கண்களுக்கு இது புதிராக இருந்தது. ஒரு பூட்டுக்கு இத்தனை விதமான திறப்புகளா?

2006 இல் ஹின்மனும் ஜூலியசும், 2007 இல் மக்பேர்சனும் பற்றப்பூட்டியனும், தத்தம் சகாக்களுடன் இப்புதிரை அவிழ்த்தனர். இக்கால்வாய் உருவத்தைப் பார்ப்பதில்லை, தாக்குதிறனையே பார்க்கிறது. அதன் கலவகப் பகுதியிலுள்ள சில சிஸ்டீன்களோடு பங்கீட்டு வலுப் பிணைப்பை உண்டாக்கவல்லது எதுவோ அது கால்வாயைத் திறக்கும். அச்சிஸ்டீன்களை நீக்கி வேறு அமினோவமிலங்களை வைத்தபோது கடுகுக்கு அது பெரிதும் செவிடாயிற்று. கார்லின் கால்வாயின் வடிவையறியக் கையாண்ட உத்தியே இங்கும் கைகொடுத்தது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கார்லின் சிஸ்டீனை வைத்துப் பார்த்தார், இவர்கள் எடுத்துப் பார்த்தனர். மேலும், இச்சிஸ்டீன்கள் கலத்தின் உட்புறத்தே இருப்பதால், இக்கால்வாய் வெளியுலகின் காரத்தை மட்டுமன்றிக் கலத்தினுள்ளே நிலவும் இரசாயன நெருக்கடியையும் உணரவல்லது. ஐதரசன் பரவொட்சைட்டும் அதனைத் திறப்பதாக 2008 இற் பல குழுக்கள் அறிவித்தன.

இக்கண்டுபிடிப்பின் பாரதூரம் அடுக்களையோடு நின்றுவிடவில்லை. 1984 டிசம்பர் 2 ஆம் திகதி நள்ளிரவையொட்டி இந்தியாவின் போபாலில் பூச்சிகொல்லித் தொழிற்சாலையிலிருந்து மெதையில் ஐசோசயனேற்று வாயு கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்தோர் கண்ணும் நெஞ்சும் எரிய விழித்தெழுந்து வீதிகளில் ஓடினர். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவ்வெரிவு எவ்வழியாக நரம்புக்குத் தெரிந்ததென்பது அன்று விளங்கவில்லை. 2009 இல் பெசாக்கும் ஜோர்ட்டும் ஏனையோரும், மெதையில் ஐசோசயனேற்றும் கண்ணீர்ப்புகையில் அடங்கும் சேர்வைகளும் ரி.ஆர்.பி.ஏ. 1 கால்வாயையே திறக்கின்றன என்றும், அக்கால்வாய் இல்லாத எலிகளில் எரிச்சற் குறிகள் பெரிதும் குறைகின்றன என்றும் காட்டினர். கடுகின் உறைப்பும் ஆர்ப்பாட்டக்காரர் மீது எறியப்படும் புகையின் கொடுமையும் போபாலின் அந்த இரவும் ஒரே வாயிலாற் புகுந்தவை. நஞ்சு கலத்தை அழிக்குமுன் அது வருவதை அறிவிக்கும் காவலும் அதே கந்தகத்தாலானது. 2021 இல் ஜூலியசுக்கும் பற்றப்பூட்டியனுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது வெப்பத்தையும் தொடுகையையும் உணரும் வாங்கிகளே முதன்மையாகப் பேசப்பட்டன. தாக்குதிறனை உணரும் இக்கால்வாய்க்கு உரிய கவனம் பொதுமக்களிடையே கிட்டவில்லை என்றே கூறவேண்டும்.

மனிதர் திருத்தியமைக்கும் கால்வாய்கள் இவ்வியற்கைக் கால்வாயை எட்டிப் பிடிப்பதற்குத் தடையாக நிற்பவை இரண்டு. முதலாவது குளுத்தாதயோன். ஹொப்கின்ஸ் பிரித்தெடுத்த அச்சேர்வை கலத்தில் மில்லிமூலர் அளவிற் செறிந்திருக்கும். தாக்குதிறன் மிக்க எதுவும் உள்ளே நுழைந்தவுடன் அதனாற் கைப்பற்றப்படும். உணரியில் உள்ள ஒரு கந்தகம் சுற்றியுள்ள கோடிக்கணக்கான கந்தகங்களோடு போட்டியிட வேண்டும். இரண்டாவது, அல்பா-ஈமோலைசின் போன்ற அகன்ற துளையைக் கலத்தின் மென்சவ்விற் திறந்து வைத்தால் அக்கலமே மடியும். பற்றீரியா அதனைச் சுரப்பதும் அதற்காகவே.

இதனிடையே ஒளியை நம்பியோர் முந்திச் சென்றனர். 2006 இல் மொஸ்கோவில் பெலூசோவும் ஏனையோரும், பற்றீரியாவின் பரவொட்சைட்டு உணரும் புரதத்தை ஒளிரும் மஞ்சட் புரதமொன்றோடு இணைத்து ஹைப்பர் என்னும் உணரியை ஆக்கினர். அங்கும் உணர்வது இரு சிஸ்டீன்களே. ஆனால் அறிவிப்பது மின்னோட்டமன்று, நிறமாற்றம். கலத்தின் எப்பகுதியில் எப்போது பரவொட்சைட்டு எழுகிறதென நுணுக்குக்காட்டியிற் காணலாம். கலத்தின் அமிலத்தன்மை மாறினாலும் அதன் ஒளி மாறிவிடும் என்ற குறை நெடுநாள் ஆய்வாளரை அலைக்கழித்தது. 2020 இல் வெளிவந்த ஹைப்பர்-7 அக்குறையை நீக்கியது. எனினும் ஒளிரும் உணரி காட்டுவது பல மூலக்கூறுகளின் கூட்டு ஒளியையே.

அதே 2020 இற் ஜூலியசும் ஜாவோவும் அவர்தம் சகாக்களும் உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ரி.ஆர்.பி.ஏ. 1 இன் திறப்பை உருவப்படுத்தினர். எரிச்சற்பொருள் ஒரே அடியாக வாயிலைத் திறப்பதில்லை என்பது அவ்வுருவங்களிற் தெரிந்தது. சிஸ்டீன்கள் இரு கட்டங்களாக மாற்றமடைகின்றன. அதனாற் புரதத்தின் அப்பகுதி நெகிழ்ந்து வடிவம் மாறுகிறது. அதன்பின்னரே துளை அகல்கிறது.